குத்துவது அரை நிமிடம்

நாய்க்கு மைக்ரோசிப் போடுவதில் என்ன இருக்கிறது, ஊசிதானே என்று எங்கள் கால்நடை மருத்துவத் தொழிலுக்குள்ளேயே பேசுகிறார்கள். 2025 கடைசியில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கி, தவறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகு அந்தப் பேச்சு கூடிவிட்டது. குத்துவது அரை நிமிட வேலைதான். ஆனால் குத்துவதற்கு முன்பு நாயின் மேல் ஸ்கேனரை ஓட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு சிப் உள்ளே இருக்கலாம். உறையிலுள்ள எண்ணையும் படித்துப் பார்க்க வேண்டும். குத்திய பின் மறுபடி படிக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் அவசரக்காரர்கள் விடுகிறார்கள். ஊசியை உருவும்போது அரிசியளவுக் குப்பி முடியில் சிக்கி வெளியே விழுந்திருந்தால், வளர்ப்பவர் கையில் சான்றிதழ் இருக்கும், நாயின் உடம்பில் ஒன்றும் இருக்காது.

இதைவிடப் பிடிவாதமான சிக்கல், சிப் எண்ணுக்கு நேரே பதிவேட்டில் எழுதும் வளர்ப்பவரின் ஃபோன் நம்பர். அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் சிப் உள்ள 7,704 பிராணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவற்றில் வழிதவறி வந்து, தேடலின் முடிவு தெரிந்தவற்றுள் 72.7 சதவீதத்துக்கு உரிமையாளர் கிடைத்தார். மீதிக்குக் கிடைக்காமல் போனதற்கு முதல் காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட நம்பர்: 35.4 சதவீதம். லேண்ட்லைன் வைத்திருந்த ஊரிலேயே இந்தக் கதி. ரீசார்ஜ் முடிந்தால் சிம்மை மாற்றி, வாடகை ஏறினால் வீட்டை மாற்றும் வடசென்னை மூலக்கொத்தளத்தில் என்ன ஆகும்? தீபாவளி வெடிக்கு மிரண்ட நாய் பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தைத் தாண்டி வியாசர்பாடியில் பிடிபட்டால், ஸ்கேனர் சிப்பின் 15 இலக்க எண்ணைச் சரியாகவே படிக்கும். அதற்கு நேரே இருக்கும் நம்பர் அடிக்காது. முகவரி கேட்டு எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்கும் இளையவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இங்கேதான். இன்னொரு நம்பரைக் கேட்டு வாங்குவதும், அந்த இடத்திலேயே அடித்துப் பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்ந்தவை.

இருக்கும் இடத்தைக் காட்டாத சிப் எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனர் சில அங்குலம் நெருங்கினால்தான் எண்ணைச் சொல்லும். அதனாலேயே சார்ஜ் தீராமல் ஆயுள் முழுக்க இருக்கிறது. கழுத்துப்பட்டை கழன்று விழும், இது விழாது. ஒருநாள் லேசாக வலிக்கலாம், ஒரு துளி ரத்தம் வரலாம். இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள், அந்த இடத்தைப் பிசையாதீர்கள். வீக்கம் கூடினாலோ சீழ் வைத்தாலோ கூட்டி வாருங்கள். வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசிக்கு வரும்போது, ஒருமுறை படித்துக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். சிப் போட்ட பிடரியில் எண் வரவில்லை என்றால் உடனே இரண்டாவது சிப் போட விடாதீர்கள். அது தோலுக்கடியில் நகர்ந்திருக்கலாம். இரண்டு தோள், முன்னங்கால் முட்டி, நெஞ்சு என்று ஸ்கேனரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.