குரும்பப்பட்டி மானும் நாமக்கல் மஞ்சள் கருவும்

சேலத்திலிருந்து குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா சுமார் 10 கிலோமீட்டர், ஏற்காட்டு மலை அடிவாரத்தில். வெயில் ஏறிவிட்டால் மான்கள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும் என்பதால் காலையிலேயே போய்விட்டேன். நான் பார்க்கப் போனது புள்ளிமானின் கொம்பை.

"சித்திரை வந்தாத்தானுங்க எல்லாத்துக்கும் கொம்பு கெட்டியாகும்" என்றார் பராமரிப்பாளர். வேலிக்கு அந்தப் பக்கம் கண்டது வேறு. ஓர் ஆணின் கொம்பை மயிர்த்தோல் மூடியிருந்தது, நுனி மொழுக்கை. பத்தடி தள்ளி நின்றதற்குத் தோல் முழுக்க உரிந்து, வெளுத்த நுனியோடு கெட்டிக் கொம்பு. அது உரசிய மரத்தில் பட்டை கிழிந்து ஈரம் தெரிந்தது. குளிர்நாட்டுச் செம்மான்களைப் போல எல்லா ஆணும் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. புள்ளிமானில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. கொம்பு கெட்டிப்பட்டிருக்கும்போதுதான் விந்து தரமாக இருக்கும். தோல் மூடிய காலத்தில் எடுத்தால் விந்தணுவும் குறைவு, ஓட்டமும் குறைவு.

விந்து எடுப்பதும் லேசில்லை. காளையைப் பழக்கிவிடலாம். மானுக்கு மயக்க ஊசி போட்டு, ஆசனவாய் வழியே மின்தூண்டல் கொடுக்க வேண்டும். மயக்கத்திலேயே மான் செத்துப்போகும் ஆபத்தும் உண்டு. இத்தனைக்கும் நடுவில்தான் ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் லாகோன்ஸ் ஆய்வுக்கூடம் 2006-ல் செயற்கைக் கருவூட்டலில் 'ஸ்பாட்டி' என்ற புள்ளிமான் குட்டியைப் பிறக்கவைத்தது. மறு வருடம் 'பிளாக்கி' என்ற வெளிமான் குட்டி.

விந்தை உறையவைக்கும் ஆய்வகத்தைப் பார்க்க, குரும்பப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ். மல்லூர் தாண்டியதும் கோழிப்பண்ணைக் கொட்டகைகள், முட்டை லாரிகள். இறங்கியதும் டீ 12 ரூபாய், அவித்த முட்டை 10.

ஆய்வகத்திலும் கண்ணில் முதலில் பட்டது முட்டை அட்டைதான். விந்தை அப்படியே குளிரவைத்தால் அணுவின் மேலுறை கிழிந்துவிடும். மஞ்சள் கரு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இது 1940 வாக்கில் அமெரிக்காவில் தெரியவந்தது. உறையும்போது கிளிசரால் காப்பாற்றும் என்று இங்கிலாந்தில் கண்டது 1949-ல், அதுவும் சேவல் விந்தில்! கோழி ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சங்கதி.

மானின் உறைவிந்து அங்கே இல்லை. பார்க்கக் கிடைத்தது காளையுடையது. திரவ நைட்ரஜன் கேனின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிந்தது. உள்ளே மைனஸ் 196 டிகிரி. இடுக்கியால் எடுத்த விந்துக் குச்சியை 37 டிகிரித் தண்ணீரில் 30 விநாடி வைத்து, ஒரு சொட்டைச் சூடான கண்ணாடித் தகட்டில் விட்டார்கள்.

"பாதிக்கு மேல ஓடுது சார்" என்றார் ஆய்வாளர். காளைக்கு நம் நாட்டு விதியும் அதுதான்: உருக்கிய பின் குறைந்தது 50 சதவீதம். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். சில நேராகப் பாய்ந்தன. சில வட்டமடித்தன. பல, நின்ற இடத்திலேயே வாலை ஆட்டின. நேராகப் போனவை என் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்குதான். தகடு ஆற ஆற எல்லாமே தளர்ந்தன. சூடேற்றியதும் மறுபடி ஓடின. ஆறிய தகட்டில் எண்ணினால் உயிருள்ளதும் செத்த கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் சாயமும் போட்டுக் காட்டினார்கள். செத்த தலைகள் இளஞ்சிவப்பு, உயிருள்ளவை வெள்ளை. ஓடியவற்றைவிட வெள்ளைத் தலைகள் அதிகம். உயிர் இருந்தும் நகரத் தெம்பில்லாதவை அவை. காளைக்கே இப்படியென்றால், மானுக்கென்று தனிப் பக்குவம் கண்டே ஆகவேண்டும்.

அதற்காக ஒரு மானையும் மயக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மலையடிவார ஊர்களுக்குத் தண்ணீர் தேடி வரும் மான்கள் நாய் கடித்தும் வண்டியில் அடிபட்டும் சாகின்றன. பிரேதப் பரிசோதனையோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் செத்த ஆணின் விரையைக் குளிரில் வைத்தால், அதை ஒட்டிய குழலில் உள்ள அணுக்கள் ஒரு நாளாவது தாங்கும். ஸ்பெயினில் வேட்டையில் விழுந்த செம்மான்களிடமிருந்து இப்படித்தான் எடுத்து உறையவைக்கிறார்கள். மணிப்பூரின் சங்காய் மானும் காஷ்மீரின் ஹங்குலும் அருகிவிட்டன. அவற்றுக்கான கைப்பழக்கத்தை, பஞ்சமில்லாத புள்ளிமானில்தான் பெற முடியும். காட்டு விலங்கின் உடல் அரசுச் சொத்து என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதமும் ஓர் ஐஸ் பெட்டியும் கால்நடை மருத்துவர் கையில் இருந்தால், சேலத்தில் செத்த மானின் விரை இரண்டு மணி நேரத்துக்குள் நாமக்கல் வந்துவிடும்.