வழி சொல்லும் வினா

பத்தாம் வகுப்பு மாணவரின் பையில் ஆங்கிலத்துக்கு மட்டும் பெரும்பாலும் மூன்று நோட்டுகள் இருக்கும்: கிளாஸ்வொர்க், ஹோம்வொர்க், இலக்கணம். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் சரி, காலையில் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் முதுகை அழுத்துவதில் இந்த நோட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றிலும் கிளாஸ்வொர்க் நோட்டுக்கே மரியாதை அதிகம். பழுப்பு அட்டை, பெயர்ச் சீட்டு, இடப்புறம் கோடு கிழித்த ஓரம். உள்ளே எந்தப் பாடமானாலும் ஒரே வரிசைதான்: அருஞ்சொற்பொருள், எதிர்ச்சொல், இரண்டு மதிப்பெண் கேள்விகள், பாராகிராப். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி, தேதி, சுருக்கொப்பம்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாற்பது நோட்டிலும் ஒரே விடைதான் இருக்கும். கரும்பலகையில் எழுத்துப்பிழை ஒன்று விழுந்தால் அதுவும் நாற்பது நோட்டுக்கும் போய்ச் சேரும். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் ஆங்கிலம் பேசாத, படிக்காத பிள்ளைக்குப் பிழையில்லாத விடை ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு இது. பாடத்தைப் படித்துத் தானே எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். கிளாஸ்வொர்க் நோட்டு அவர்களுக்கு ஓர் ஊன்றுகோல். கோலை எந்த வகுப்பில் கீழே வைப்பது என்பதுதான் முடிவாகாமலே இருக்கிறது.

பாடம் வாசிக்கும் முறையும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. ஆசிரியர் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசிப்பார். உடனே தமிழில் சொல்வார். கதை தமிழில் ஓடும். பிள்ளைகள் சிரிப்பதும் வாய் பிளப்பதும் தமிழில்தான். மணி அடிப்பதற்குள் கதை எல்லோருக்கும் புரிந்துவிடும். மறுநாள் கேள்வி பதில் எழுதும்போது அந்தப் புரிதல் கூட வருவதில்லை. விடை ஆங்கிலத்தில் தனியே வருகிறது. எழுத்துக்கூட்டி, வரிக்கு வரி மனப்பாடமாகிறது. பொருள் ஒரு வாசல் வழியாகவும் விடை இன்னொரு வாசல் வழியாகவும் மண்டைக்குள் நுழைந்து, உள்ளே ஒன்றையொன்று சந்திக்காமல் குடியிருப்பதுதான் உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்தின் நிலை.

பாடநூலில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் ஏழு அலகுகள். ஒவ்வொன்றிலும் ஓர் உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம். பறக்க அஞ்சும் கடற்பறவைக் குஞ்சைப் பற்றி லியாம் ஓ’ஃப்ளாஹர்ட்டி எழுதிய கதை, சத்யஜித் ராயின் பரண் கதை, தாய்மொழியில் நடக்கும் கடைசி வகுப்பைச் சொல்லும் அல்ஃபோன்ஸ் தோதேயின் கதை எல்லாம் அதில் உண்டு. 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை தாரிணி என்ற பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றிவந்த ஆறு கடற்படைப் பெண்கள் பற்றிய பாடமும் உண்டு. தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாய், காற்று, அலை எதையும் விளக்க வேண்டியதில்லை. அவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை மட்டும் சொன்னால் போதும்.

அணையில் விழுந்த ஓட்டையை இரவு முழுக்க விரலால் அடைத்து நின்ற ஹாலந்துச் சிறுவனின் கதை துணைப்பாடங்களில் ஒன்று. வெகு தொலைவு நாட்டுக் கதைதான். ஆனால் தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் கலக்கும் ஊரில், கொள்ளிடம் பெருகினால் கரையோரம் விழித்திருக்கும் ஊர்களில், கரை உடைவது என்றால் என்னவென்று யாரும் அகராதி பார்க்கப் போவதில்லை. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டத்தின் பல வீடுகளில் பாடப்புத்தகங்களே நீரில் போயின. அரையாண்டுத் தேர்வு சனவரிக்குத் தள்ளிப்போனது. அந்த அனுபவத்துக்குள் இந்தக் கதையை இறக்கி, தண்ணீர் வந்த இரவை நான்கு எளிய ஆங்கில வாக்கியங்களில் சொல்லச் சொல்கிற வகுப்பில் இரண்டு வாசலும் ஒன்றாகத் திறக்கும். தேர்வு நெருங்கும்போது அதற்கான பீரியடு கிடைப்பது அரிது.

பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இன்னொரு விநோதம் உண்டு. கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ அங்கே ஆங்கில மொழிபெயர்ப்பில் பாடமாக இருக்கிறது. கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில் 2021 மே மாதம் வரை வாழ்ந்தவர் கி.ரா. கரிசல் தமிழில் பிறந்த கதை ஆங்கிலமாகி, வகுப்பில் ஆசிரியரால் மறுபடி தமிழாகி, நோட்டில் மறுபடி ஆங்கில விடையாகிறது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்று பார்த்தால் ஒரு மாதத்து ஆங்கிலம் ஒரே வாரத்தில் கிடைக்கும். அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் இல்லாததால் அது நடப்பதும் இல்லை.

ஆங்கிலத்துக்கு இந்த ஊர்கள் புதியவை அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி புனித டேவிட் கோட்டையை வாங்கியது 1690இல். கோட்டை இடிந்தாலும் லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு என்ற பெயர்கள் கடலூர்க்காரர் வாயில் இன்றும் புழங்குகின்றன. சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து வெசுலியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலமும் தமிழும் கற்பித்தவர். பள்ளி வாசலே மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1935 முதல் 1940 வரை அதன் துணைவேந்தராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, ஆங்கிலப் பேச்சுக்கு உலகப் புகழ் பெற்றவர். அவரும் வாழ்க்கையைப் பள்ளி ஆசிரியராகத்தான் தொடங்கினார். பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி வழியாகத் தமிழகமெங்கும் ஏராளமான பள்ளி ஆசிரியர்கள் பட்டம் பெற்றார்கள்.

ஆங்கிலம் எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியில் தமிழகம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிசோதனைக் களமாக இருந்திருக்கிறது. 1959இல் தொடங்கிய இயக்கம் ஒன்று, தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்பு முறையில் மறுபயிற்சி தர முனைந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்றுவிப்பார். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து போல என்பதால் ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்று பெயர் வந்தது. பொருளை விளக்கிக்கொண்டிராமல், படிப்படியாக அடுக்கிய வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பழக்குவது அதன் வழி. அந்த முறை வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வாயால் பழக வேண்டிய வாக்கியங்கள் கையால் எழுதும் அட்டவணைகளாக மாறின.

இரண்டாவது பரிசோதனை கடலூருக்கே வந்தது. 1979 முதல் 1984 வரை, பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் எட்டு வகுப்புகளில் ஒரு முயற்சியை நடத்தினார். உலக மொழிக் கல்வி நூல்களில் ‘பெங்களூர்த் திட்டம்’ என்று அது பெயர்பெற்றது. பெயர் பெங்களூருக்குப் போனாலும் சென்னையிலும் கடலூரிலும் அதன் வகுப்புகள் நடந்தன. இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், பொருளிலேயே முழுக் கவனமும் இருக்கும்படி பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தால் இலக்கணம் தானாக உள்ளே படியுமா என்பதுதான் அதன் கேள்வி.

வேலைகள் எளியவை: ரயில் கால அட்டவணை, வகுப்புக் கால அட்டவணை, ஊர் வரைபடம், விலைப்பட்டியல். உதாரணமாக, கடலூர் முதுநகரில் ஏறி நண்பகலுக்குள் சிதம்பரம் போய்ச் சேர எந்த வண்டி, அதைத் தவறவிட்டால் அடுத்தது எது என்பது போன்ற கேள்வி. ஆசிரியர் முதலில் ஒரு வேலையை வகுப்போடு சேர்ந்து, உரக்கக் கேட்டும் விவாதித்தும் முடிப்பார். அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்ய வேண்டும். விடை சரியா என்பதற்கே மதிப்பெண். வாக்கியம் சரியா என்பதற்கு இல்லை. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியாவது முடிக்கும்படி அது அமைய வேண்டும் என்பது பிரபு வைத்துக்கொண்ட அளவுகோல். அதற்கு மேல் கடினமானால் சோர்வு. அதைவிட எளிதானால் யோசிக்க ஒன்றுமில்லை.

1984இல் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரும் இந்த வகுப்புகளையும், அதே பள்ளிகளில் வழக்கமான முறையில் படித்த வகுப்புகளையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். வாக்கிய அமைப்பை நேராகக் கேட்ட தேர்வில் வழக்கமான வகுப்பினர் முந்தினர். சூழலோடு வந்த இலக்கணத்திலும் சொல்வதெழுதுதலிலும் பெரும்பாலும் திட்ட வகுப்பினர் முந்தினர். அதாவது, எதைப் பழகினார்களோ அதில் வென்றார்கள். ஆனால் இலக்கணமே நடத்தப்படாத வகுப்பிலும் இலக்கணம் வளர்ந்திருந்தது. 1987இல் பிரபுவின் நூல் வெளிவந்த பிறகு, பணிவழிக் கற்றல் என்று உலகெங்கும் பரவிய முறைக்கு இது ஒரு முன்னோடியாகக் கருதப்பட்டது. கடலூர்ப் பிள்ளைகளின் அடுத்த தலைமுறையோ, வழக்கம்போல் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது.

காரணம் தேர்வு. 2019 மார்ச் வரை பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள், அதன்பின் ஒன்றாயிற்று. இப்போது நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம், தேற 35. ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. இந்தக் கணக்கு எந்தப் பிள்ளைக்கும் வாய்ப்பாடு மாதிரி தெரியும். எந்தப் பகுதியில் எத்தனை சாய்ஸ், எந்த இயலை விட்டாலும் தப்பிக்கலாம் என்பதும் தெரியும். மனப்பாடச் செய்யுளுக்கு ஐந்து மதிப்பெண் நிச்சயம். ஆகவே ‘மெமரி போயம்’ எல்லோருக்கும் முதல் வேலை. பேசிக் காட்ட இந்தத் தாளில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

சனவரி முதல் பள்ளியின் முகம் மாறும். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், இடையில் ரிவிஷன் தேர்வுகள். மெல்லக் கற்போருக்கு மெலிதான கையேடு: ஒரே பாராகிராப் இரண்டு கேள்விக்குப் பொருந்தும்படி, ஒரே கடிதம் நான்கு தலைப்புக்கு ஆகும்படி. அதைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஐந்து பாடத்தில் நான்கில் தேறி ஆங்கிலத்தில் நிற்கும் பிள்ளைக்கு, அந்தக் கையேடுதான் பதினோராம் வகுப்பின் கதவு. பார்டரில் பாஸ் ஆன பையனின் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது யாரும் கற்பித்தல் முறை பற்றிக் கேட்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில், வினாத்தாளின் இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒரு கட்டாய வினா இருக்கிறது. சின்னதாக ஒரு தெரு வரைபடம் போட்டு, புதியவர் ஒருவருக்குப் பேருந்து நிலையத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ வழி சொல்லச் சொல்லும். நேராகப் போங்கள், இடப்புறம் திரும்புங்கள், இரண்டாவது தெருவில் வங்கிக்கு எதிரே என்று நான்கைந்து வாக்கியம் போதும். படத்தைப் பார்க்காமல் எழுத முடியாது. கைடில் உள்ள விடை இங்கே உதவாது. ஒவ்வோர் ஆண்டும் தெரு மாறும். இடம் வலம் சரியாக இருந்து, போகவேண்டிய இடம் வந்துவிட்டால் மதிப்பெண்.

பிரபுவின் வகுப்புகளில் கொடுத்த வேலையின் தூரத்து உறவு இது. நூறு மதிப்பெண்ணில் இரண்டு. ஆனால் மெல்லக் கற்போர் கூடப் பெரும்பாலும் விடாமல் எழுதும் வினாக்களில் இதுவும் ஒன்று என்பதை விடைத்தாள் திருத்துகிறவர்கள் அறிவார்கள். திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் யாராவது லாரன்ஸ் ரோடு எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டால், நோட்டைப் புரட்டாமல் அந்தப் பிள்ளை சொல்லக்கூடிய விடை அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.