கிள்ளான் கடலிலிருந்து பெர்ஹெந்தியான் கடலுக்கு

கிள்ளான்காரர்களுக்குக் கடல் பக்கத்து வீடு மாதிரி. இருந்தாலும் அந்தக் கடலில் இறங்கிக் குளித்தவர்கள் நம்மில் குறைவு. 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில்தான் என் தாத்தா ‘ரஜூலா’ கப்பலிலிருந்து இறங்கினார். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கைத் தொட்டு வந்த பயணம் அது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்துக்குக் கடலோடு இருந்த உறவு ஒன்றே ஒன்றுதான்: அஸ்தி கரைப்பது. 64 வயதான என் அம்மா வாழ்நாளில் படகேறியது மூன்று தடவை. தாத்தாவுக்காக, பாட்டிக்காக, பிறகு அப்பாவுக்காக.

அதனால் செப்டம்பர் பள்ளி விடுமுறையில் தீவுக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது, அம்மா கேட்ட முதல் கேள்வி, “கடலுக்கு எதுக்கும்மா சும்மா போகணும்?” என்பதுதான்.

நான் பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறேன். கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறினால் நேராகக் கிள்ளான் துறைமுகம். அங்கிருந்து படகில் போனால் கெத்தாம் தீவு, அதாவது நண்டுத்தீவு. கால்களின் மேல் நிற்கும் வீடுகள், சைக்கிள்கள், நண்டும் மீனும் சமைக்கும் சீன உணவகங்கள். ஒரு நாள் பொழுதுக்கு நல்ல இடம். ஆனால் தண்ணீருக்குள் முகம் வைத்து மீன் பார்க்க முடியாது. ஆறு கொண்டுவரும் சேறும் அலையாத்திக் காட்டின் மண்ணும் கலந்து, கடல் தேநீர் நிறத்தில் இருக்கும். பவளம் வளர வெயில் வேண்டும். கலங்கிய நீரில் வெயில் இறங்காது. ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் பவளப்பாறையைப் பார்க்கப் பெரும்பாலும் கிழக்குக் கரைக்குத்தான் போகிறார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது திரங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுகள். ‘பெர்ஹெந்தியான்’ என்றால் மலாயில் நின்று போகும் இடம். அந்தக் காலத்து வணிகப் படகுகள் இளைப்பாறிய இடம் என்பார்கள். பெசார், கெச்சில் என்ற இரண்டு தீவுகளிலும் ஆட்கள் வசிக்கிறார்கள். ராவா, செரெங்கே போன்ற சின்னத் தீவுகளும் சுற்றிலும் உண்டு.

அக்கா மட்டும் தயங்கினாள். அதற்குக் காரணமும் இருந்தது. 2025 ஜூன் மாதக் கடைசியில், பெர்ஹெந்தியானில் இரவு நேரத்தில் ஒரு படகு கவிழ்ந்து உறவினர்கள் மூவர் உயிரிழந்தார்கள். அவர்களில் இருவர் சிறுமிகள். நம்மைப் போல விடுமுறைக்குப் போன தமிழ்க் குடும்பம். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்கும் கை நடுங்கும். போகவே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். மாமாதான், “போறதுன்னா எப்படிப் போகணும்னு முதல்ல பேசுவோம்” என்றார்.

பலரோடு சேர்ந்து போகும் படகு வேண்டாம், எங்களுக்கென்று ஒரு படகு எடுப்போம் என்று முடிவானது. ஆறு பேர் பங்கு போட்டால் கோலாலம்பூரில் ஒரு நல்ல இரவுணவுக்கு ஆகும் செலவைவிடக் கொஞ்சம்தான் கூட. தனிப்படகின் பெரிய லாபம், நேரத்தை நாமே முடிவு செய்யலாம் என்பது. தொலைபேசியில் நாங்கள் நான்கு நிபந்தனைகள் சொன்னோம். பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். எல்லோருடைய பெயரையும் கரையில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நாங்கள் தண்ணீரில் இருக்கும்போது படகோட்டி வேறு எங்கும் போகக் கூடாது. மாலை 4 மணிக்குள் கரை திரும்ப வேண்டும். முதலில் பேசிய இடத்தில், “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் பிள்ளைகளின் எடையைக் கேட்டார்கள். இரண்டாவது படகையே எடுத்தோம்.

சனிக்கிழமை காலை கிள்ளானில் கிளம்பி, காராக் வழியாகக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையைப் பிடித்து, நின்று நின்று போனதில் கோலா பெசுட் சேர மாலையாகிவிட்டது. சுட்ட கெரோபோக் லெக்கோரோடு இரவு முடிந்தது. திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே வேலை நாள் என்பதால் உள்ளூர்க் கூட்டம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

மறுநாள் காலை 8 மணிக்குப் படகு. படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காதுக்கு மேலே வந்தால் அது பெரிய அளவு. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே நழுவிவிடும். சின்னவனுக்கு இரண்டு தடவை மாற்றினார். அக்காவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

முக்கால் மணி நேரத்தில் தீவுகள் வந்துவிட்டன. கடலின் நிறம் கரும்பச்சையிலிருந்து நீலத்துக்கும், பிறகு கண்ணாடிக்கும் மாறியது. படகோட்டி நங்கூரம் போடவில்லை. அங்கே மிதந்த ஒரு மிதவையில் கயிற்றைக் கட்டினார். நங்கூரம் விழுந்தால் பல ஆண்டுகள் வளர்ந்த பவளம் ஒரு நொடியில் உடைந்துவிடும் என்றார். இந்தப் பகுதி 1994 முதல் கடல் பூங்கா. தீவைச் சுற்றி 2 கடல் மைல் தூரத்துக்கு மீன் பிடிக்கத் தடை.

ஸ்நோர்கெலிங் என்பது பெரிய வித்தை இல்லை. கண்ணும் மூக்கும் மூடும் கண்ணாடி, வாயில் ஒரு குழாய். குப்புற மிதந்துகொண்டு வாயால் மூச்சு விட வேண்டும். லைஃப் ஜாக்கெட் இருந்தால் நீச்சல் தெரியாதவர்களும் மிதக்கலாம். கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவில் முடி மாட்டினால் தண்ணீர் உள்ளே வரும். ஆண்களின் மீசைக்கும் அதே பிரச்சினை. ஒட்டுப்பொட்டைக் கழற்றிவிடுங்கள். அம்மாவின் பொட்டு அவருடைய கைத்தொலைபேசியின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பத்திரமாக இருந்தது.

பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் பழகிவிட்டார்கள். அம்மா மட்டும் படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றார். “போதும்மா, நான் இங்கேயே இருக்கேன்” என்றார். படகோட்டி ஒரு வட்ட மிதவையைக் கொண்டு வந்து, “ஆண்டி, இதைப் பிடிச்சுக்குங்க, நான் இழுக்கிறேன்” என்று மலாயில் சொன்னார். இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் மிதவை. அம்மா மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். அதன் பிறகு நெடுநேரம் எடுக்கவே இல்லை.

நாம் மோதிரத்தில் வைக்கும் பவளத்தைப் பார்த்து அதைக் கல் என்று நினைக்கிறோம். அந்தச் சிவப்புப் பவளம் வேறு இனம். ஆனால் அதுவும் இதுவும் உயிரினங்கள் கட்டியவைதான். பாறை மாதிரி தெரிவது ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் இருக்கும் நுண்பாசிதான் வெயிலை உணவாக மாற்றிக் கொடுக்கிறது; நிறத்தையும் தருகிறது. அந்தக் குடியிருப்பின் சந்துகளில் கோடு போட்ட மீன்கள், கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன், பவளத்தைக் கடித்து மணலாகக் கழிக்கும் கிளிமீன். காலுக்கடியில் இருந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு அந்தக் கிளிமீனின் வேலை என்று சொன்னதும் பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இரண்டாவது இடத்தில் ஒரு பச்சை ஆமை கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. “கூர்மாவதாரம் மாதிரி இல்ல இருக்கு!” என்றார் அம்மா. திரங்கானுவில் ஆமை முட்டை விற்பது 2022 முதல் சட்டப்படி தடை. ஒரு காலத்தில் இதே மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்குப் பேராமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட வந்தன. இன்று அந்தக் காட்சி இல்லை.

மூன்றாவது இடத்தில் ஒரு பகுதி முழுக்க உடைந்த வெள்ளைக் கிளைகளாகக் கிடந்தது. கடல் நீரின் சூடு வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடி, வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் பவளம் தன் பாசியை இழந்து வெளுத்துவிடும். சூடு தணியாவிட்டால் இறந்துவிடும். 2010-இல் இப்படி வெளுத்தபோது மலேசியாவில் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூடினார்கள். 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். சூட்டை நாம் ஒருவராகத் தணிக்க முடியாது. பவளத்தை மிதிக்காமல் இருக்கலாம், மீனுக்கு ரொட்டி போடாமல் இருக்கலாம். சன்ஸ்கிரீன் களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை போடலாம். சில களிம்புகளில் உள்ள ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்திருக்கிறார்கள்.

மதியம் தீவுக் கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து, அக்கா கட்டிவந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். இன்னும் ஓர் இடம் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படகோட்டி வடக்கே கூடிவரும் மேகத்தைக் காட்டினார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. மூன்றரைக்கெல்லாம் கரையில் இருந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் அக்டோபர் வரைதான் சரியான காலம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அலை பெரிதாகிவிடும்; தங்கும் விடுதிகள் பலவும் மூடியிருக்கும். இருட்டிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும் படகேறாதீர்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோர் உடம்பிலும் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடப்பது உதவாது. திருப்தி இல்லையென்றால் கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, ஏறாமல் திரும்பிவிடுங்கள்.

ஊர் திரும்பிய வாரமே அக்கா பிள்ளைகளைக் கிள்ளானில் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் அம்மாதான் கூட்டிக்கொண்டு போகிறார். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: “அங்க பெரியவங்களுக்கும் சொல்லித் தர்றாங்களாம். பணம் எவ்வளவுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியாம்மா?”