விடை கேட்ட இசை

கெஞ்சினால் மிஞ்சுவார், மிஞ்சினால் கெஞ்சுவார் என்பது உலக வழக்கு. கெஞ்சாமலும் மிஞ்சாமலும் ஒரு குறையை எடுத்துரைக்க முடியுமா? முடியும் என்று எனக்குக் காட்டியது ஜோசப் ஹைடனின் 45ஆம் சிம்பொனி. ‘விடைபெறும் சிம்பொனி’ என்பது அதற்கு வழங்கும் பெயர்.

ஆண்டு 1772. ஹங்கேரி நாட்டின் சதுப்பு நிலத்தில் எஸ்டெர்ஹாசா என்னும் கோடை மாளிகை. கோடை கழிந்தும் இளவரசர் நிக்கோலஸ் எஸ்டெர்ஹாசிக்கு அங்கிருந்து திரும்ப மனமில்லை. இசைக்கலைஞர்களின் மனைவி மக்களோ தொலைவில், ஐசென்ஸ்டாட் நகரில். வாய்விட்டுக் கேட்க யாருக்குத் துணிவு வரும்? இசைக்குழுத் தலைவரான ஹைடனே சீருடை அணிந்த அரண்மனை ஊழியர்தாம். வண்டிச்சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகன். ஆகவே, அவர் தம் விண்ணப்பத்தை இசையில் எழுதினார்.

மேலை இசை இலக்கணம் பயின்றவன் அல்லன் நான். ஆயினும், முதற்பகுதியின் தொடக்கமே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதல் வயலின்கள் மேலிருந்து சரிந்து சரிந்து இறங்குகின்றன. அடியில் துணை வயலின்களின் தாளம் தடுமாறித் துடிக்கிறது. இப்படைப்பு அமைந்த எஃப் ஷார்ப் மைனர் சுருதியில் அக்காலத்தில் சிம்பொனி எழுதுவது மிக அரிது. அதற்கெனக் கொம்புகளில் பொருத்தும் குழாய்த் துண்டுகளைப் புதிதாகச் செய்விக்க வேண்டியிருந்தது!

இறுதிப் பகுதியும் புயலாகவே புறப்படுகிறது. ஆனால் இடையில் சட்டென்று நின்று, மென்னடையில் வேறோர் இசை தொடங்குகிறது. ஓர் ஓபோவும் ஒரு கொம்பும் தம் பங்கை முடித்து ஓய்கின்றன. அடுத்துப் பாசூன், மற்றோர் ஓபோவும் கொம்பும், டபுள் பாஸ், செல்லோ. முடித்தவர் தம் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து செல்கிறார். கடைசியில் எஞ்சுபவை இரண்டே வயலின்கள். அவையும் தேய்ந்து அடங்குகின்றன. குறிப்பறிந்த இளவரசர் உடனே ஊர் திரும்ப ஆணையிட்டாராம். முதுமையில் ஹைடனே தம் வரலாற்றாசிரியர்களிடம் கூறிய செய்தி இது.

இதனை ஒரு வேடிக்கைக் கதையாக மட்டும் சொல்வார் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடக்கத்துச் சினம் இல்லையேல், இறுதிப் பணிவு வெறும் கெஞ்சல். அப்பணிவு இல்லையேல், சினம் வேலைக்கே உலை வைத்திருக்கும். இரண்டையும் ஒரே படைப்பில் வைத்தாரே, அதுவன்றோ கலை!

நண்பர்களே! அன்று அந்த மண்டபத்தில் அணைந்த ஒவ்வொரு மெழுகுவத்தியும் எங்கோ ஓர் இல்லத்தில் விளக்கேற்றியது.