அப்பாவின் இரண்டாவது கியர்

பம்மல் மெயின் ரோட்டில் நாலாவது கியர் போடுவது தீபாவளி மாதிரி, எப்போதாவதுதான் வரும். பல்லாவரம் போய்ச் சேரும்வரை ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று, இரண்டு. ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நிற்கும், அதற்குப் பின்னால் பஸ் நிற்கும். அதனால் எங்கள் மாருதி 800-க்கு இரண்டாவது கியரில் கோளாறு என்றதும் வண்டியே படுத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

1999 மாடல். கார்புரேட்டர், நாலு கியர் வண்டி. அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, 2004-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது அவருக்கு 76 வயது. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும். அந்த நேரத்தில் புக் பண்ணிய ஆட்டோ கடைசி நிமிஷத்தில் கேன்சலாவதும், முடித்துவிட்டுச் சோர்ந்துபோன அம்மா வாசலில் நிற்பதும் எங்களுக்குப் பழக்கமானவை. கார் இருப்பது அதற்காகத்தான்.

போன வருஷம் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் இன்னும் மோசம். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு எடுத்துப்போனோம். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கியர் பாக்ஸ் போச்சு சார். முழுசா மாத்தணும், முப்பதாயிரம் ஆகும். வண்டியே அவ்ளோ போகாது, எக்ஸ்சேஞ்ச்ல விட்டுடுங்க" என்றார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பியும் போனில் அதையேதான் சொன்னான். அவன் கணக்கும் தப்பில்லை. 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. நாங்கள் 2024-ல் அதைக் கட்டியிருந்தோம். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் வண்டியை அனகாபுத்தூருக்கு ஓட்டிப் போனார்.

அங்கிருக்கும் மெக்கானிக் இந்த கியர் பாக்ஸை ஏற்கெனவே ஒருமுறை காப்பாற்றியவர். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது வண்டி ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அப்பா சாவியைத் தொடவே விடவில்லை, கட்டி இழுத்துப்போனார். கீழே போல்ட்டைக் கழற்றினால் கியர் ஆயில் பால் காபி நிறத்தில் கொட்டியது. கியர் பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சின்ன ஓட்டை உண்டு, தண்ணீர் அந்த வழியாகவும் இறங்கிவிடும். அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங்கெல்லாம் துருப்பிடித்திருக்கும். இந்த வண்டியில் டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள், அதே ஆயிலில்தான் ஓடுகிறது. புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புதிதாக ஊற்றினார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வேளச்சேரிக்காரர்களுக்கும் முடிச்சூர்க்காரர்களுக்கும் நான் இதைச் சொல்வதுண்டு.

இந்தமுறை அவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு விழுந்தது. "லிவர்ல இருந்து போற ராடு, புஷ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஐயா." பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டார். லேசாக உரசியது. கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். கேபிள் தளர்ந்திருந்தது. அதை முறுக்கியதும் ரிவர்ஸ் சரியாகிவிட்டது. இரண்டாவது மட்டும் மசியவில்லை. எல்லா கியரும் உரசினால் கிளட்சைப் பார்க்கணும், ஒரே ஒரு கியர் உரசினால் அந்த கியரோட ரிங்கைப் பார்க்கணும் என்றார். ஆயிலை வடித்து விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். மஞ்சளாகப் பொடி மினுங்கியது.

பித்தளை ரிங் தேய்ந்திருக்கிறது. அது என்ன வேலை செய்கிறது என்று அப்பா எனக்குப் பஸ் பாஷையில் சொன்னார்: "ஓடுற பஸ்ல ஏறணும்னா பஸ்ஸோட வேகத்துக்கு நாலடி ஓடிட்டுத்தானேம்மா தொத்துவோம்? கியருக்காக அந்த ஓட்டத்தை ஓடறதுதான் அந்த ரிங்கு." அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து பஸ்களில் அந்த ரிங்கே கிடையாதாம். டபுள் கிளட்ச்தான். கிளட்சை மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஒரு ஆக்சிலேட்டர், மறுபடி கிளட்ச், அப்புறம்தான் கீழ் கியர். மேலே ஏற்றும்போது அந்த ஆக்சிலேட்டர் வேண்டாம், நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தினால் போதும். மெக்கானிக்குக்குப் புதுப்பேட்டையில் சாமான் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை அப்பா மாருதியை அப்படித்தான் ஓட்டினார். ஒரு சத்தம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அவருடைய இடதுகால் முட்டி கவலையாக இருந்தது. ஒரு கியருக்கு இரண்டு மிதி!

டயாலிசிஸ் இல்லாத நாட்களாகப் பார்த்து பெட்டியை இறக்கினார்கள். இரண்டாவது கியர் ரிங், ஒரு பேரிங், ஆயில் சீல்கள். கூடவே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றச் சொன்னேன். இறக்கி ஏற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான், ஆறு மாதம் கழித்து அதற்காக இன்னொருமுறை இறக்குவானேன்? எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜி.எல்.-4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் ஜி.எல்.-5 உசத்தி என்று கொடுப்பார். அது வேறு வகை கியர்களுக்கானது. அதில் சேர்க்கிற சில ரசாயனங்கள் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். உங்கள் வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுதான். இன்னொன்று, நீங்களே ஆயில் மாற்றுவதென்றால் ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்றுங்கள், வடிக்கிற போல்ட்டை அப்புறம். மேல் போல்ட் துருவேறித் திறக்கவே வராமல், உள்ளே இருந்ததும் கீழே போய்விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

இப்போது வண்டி அமைதியாக ஓடுகிறது. போகும்போதே அம்மா தூங்கிவிடுகிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருநீர்மலைப் பக்கம் டபுள் கிளட்ச் பழகுகிறேன், தேவையில்லாவிட்டாலும். வண்டியின் பதிவு 2029 வரை இருக்கிறது, அதுவரை நான்தான் ஓட்டுவேன் என்கிறார் அப்பா. அவருடைய லைசென்ஸை அடுத்த வருஷம் புதுப்பிக்கவேண்டும். அதைப் பற்றி வீட்டில் இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை.