எழுதி வைத்தலும் ஓர் அறமே

‘உயில்’ என்ற சொல்லை எடுத்தாலே, “சுபமாக ஏதாவது பேசுங்களேன்” என்று வீட்டில் நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். காசி யாத்திரைக்கும் சதாபிஷேகத்துக்கும் மாதக்கணக்கில் ஏற்பாடு செய்யும் நாம், நமக்குப் பின் நம்மை நம்பியிருப்போர் எப்படி வாழ்வார்கள் என்பதை மட்டும் பகவான் தலையில் சுமத்திவிட்டு ஓய்ந்திருக்கிறோம்.

நம் முன்னோர் அவ்வாறு இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த பொருள்கள், எடையும் எண்ணிக்கையுமாகக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விட்டவர்களும் அதைக் கல்வெட்டாக்கினார்கள். தாம் மறைந்த பின்னும் தம் எண்ணம் நடக்க வேண்டுமானால், ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வங்கிப் பணியில் நான் கண்ட ஒரு காட்சி இன்னும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் வைப்புத்தொகைக்கு மூத்த மகனை நாமினியாக நியமித்திருந்தார். “எல்லாம் உனக்குத்தான்” என்று மனைவியிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அவர் காலமானதும் விதிப்படி பணம் நாமினியிடம் சென்றது. சில மாதங்கள் கழித்து அந்த அம்மையார் வந்தார். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, அதனால் மட்டும் உரிமையாளராகிவிடமாட்டார் என்பதையும், அவருக்கும் சட்டப்படி பங்கு உண்டு என்பதையும் விளக்கினேன். “பெற்ற பிள்ளை மேல் வழக்குப் போடச் சொல்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஒரு தாள் உயில் இருந்திருந்தால் அந்தத் தாய்க்கு அந்த நிலை வந்திராது.

எழுதினால் மட்டும் போதாது. காலத்துக்கேற்பத் திருத்தவும் வேண்டும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டை மனைவி பெயருக்கு உயில் எழுதினார். மனைவி முந்திக்கொண்டார். அதன் பின் அவரைப் பத்தாண்டுகள் பேணியவள், கணவனை இழந்து வந்த மகள். உயில் மாற்றப்படவே இல்லை. பெறுபவர் முன்பே இறந்துவிட்டதால் அந்த ஏற்பாடு செல்லாததாகி, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் வீடு சமபங்காயிற்று. அண்ணன்மார் விற்கவே விரும்பினர். அவள் வாடகை வீடு தேடினாள்.

உயில் எழுதுவது கடினமன்று. முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். தெளிந்த மனத்தோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டு சாட்சிகளேனும் அதை நேரில் கண்டு கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுவோரைச் சாட்சியாக்காமல் இருப்பது நலம். சாட்சிகள் நம்மைவிட இளையவர்களாக இருப்பது இன்னும் நலம். பதிவு கட்டாயமன்று, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னாளில் சந்தேகம் எழுவது குறையும். சுயார்ஜிதச் சொத்தை விருப்பப்படி எழுதலாம். பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டுமே எழுத முடியும். உயிரோடிருக்கும் வரை எத்தனை முறையும் மாற்றலாம். முறையாக எழுதப்பட்ட கடைசி உயிலே செல்லும். ஆகவே புதியதில் தேதியிட்டு, “முந்தைய உயில்களை ரத்து செய்கிறேன்” என்று குறிப்பிடுங்கள். அது இருக்குமிடத்தை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். சிக்கலான சொத்தாயின் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

வீட்டில் பிறப்போ, திருமணமோ, இறப்போ நிகழ்ந்தாலும், சொத்து வாங்கினாலோ விற்றாலோ, உயிலை எடுத்துப் படியுங்கள். ஒன்றும் நிகழாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை, பிறந்த நட்சத்திரத்தன்று அர்ச்சனை செய்துவிட்டு வந்து, ஒருமுறை பாருங்கள். குலதெய்வக் கோயிலுக்கு ஒரு தொகை ஒதுக்க எண்ணமிருந்தால் அதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கொண்டு செல்லப்போவது ஏதுமில்லை என்று தினமும் சொல்லிக்கொள்கிறோம். விட்டுச் செல்வதையாவது பிள்ளைகள் சண்டையின்றிப் பெறும்படி செய்துவிட்டுப் போவோம்.