உப்பில் போட்ட காது

போன தை மாதம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் போனேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று போகிற வண்டி. திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, என் அத்தையின் கிராமத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். செத்துப்போனது மனுஷர் இல்லை, எருமை.

எருமைக்குத் துக்கம் விசாரிப்பதா என்று பட்டணத்து வாசகர்கள் சிலர் சிரிக்கக்கூடும். அந்த எருமையின் பாலை விற்றுத்தான் அத்தை இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தாள். மாமா போன பிறகு அந்த வீட்டில் சம்பாதித்தவள் கருப்பாயி ஒருத்திதான். அவள் ஐந்தாவது ஈற்றில், நடுராத்திரியில், கன்று குறுக்கே விழுந்து, வைத்தியம் வந்து சேருவதற்குள் போய்விட்டாள். கன்றும் பிழைக்கவில்லை.

வாசலில் என்னைக் கண்டதும் அத்தை அழவில்லை. உள்ளே கூட்டிப் போய், உறியிலிருந்து ஒரு ஜாடியை இறக்கி என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தால், கல்லுப்புக்கு நடுவில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

"காது தம்பி. நம்ம கருப்பாயி காது. பொதைக்கிறதுக்கு முன்ன நுனியை அறுத்து வெச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காதுத் தோலுல ஒரு துளி இருந்தா அதே எருமைய மறுபடி உண்டாக்கிடுவாங்களாமே? பேரன் பள்ளிக்கூடத்துல படிச்சானாம். வடக்க பண்ணிட்டாங்களாம். நீ பேப்பர்ல எழுதுறவன். உனக்கு நாலு பேரைத் தெரியும். சொல்லி அனுப்பு ராசா."

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொய் சொல்லுவது கஷ்டமான காரியம் அல்ல. "எடுத்துப் போகிறேன் அத்தை" என்று ஜாடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆறு மாதம் கழித்து, 'அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்' என்று ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அந்த ஆறு மாதமும் அவள் நம்பிக்கையோடு இருந்திருப்பாள். ஒரு நிமிஷம் அப்படித்தான் யோசித்தேன். யோசித்ததற்காக இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பையன் படித்தது பொய் இல்லை. ஹரியானாவில் கர்னால் என்ற ஊரில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2009 பிப்ரவரி 6-ஆம் தேதி அங்கே குளோனிங் முறையில் ஓர் எருமைக் கன்று பிறந்தது. சம்ரூபா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம்கூட அது உயிரோடு இருக்கவில்லை. அதே வருஷம் ஜூன் 6-ஆம் தேதி பிறந்த கரிமா, இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் இருந்துவிட்டுப் போயிற்று. 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாவது கரிமாதான் வளர்ந்து, சினைப்பட்டு, 2013 ஜனவரி 25-ஆம் தேதி மகிமா என்ற கன்றை ஈன்றது. 2023 மார்ச் 16-ஆம் தேதி கங்கா என்ற கிர் இனப் பசுங்கன்று பிறந்தது. பிறக்கும்போது அதன் எடை 32 கிலோ.

இதையெல்லாம் அத்தைக்குப் புரிகிறாற்போல் சொல்ல முயன்றேன். சினை ஊசி போடுகிறவர் புகை வருகிற பாத்திரம் ஒன்றைக் கொண்டுவருவாரே, அது அவளுக்குத் தெரியும். அதற்குள் இருப்பது திரவ நைட்ரஜன். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிர். அந்தக் குளிரில் முறைப்படி வைத்தால் உயிரணு உறங்கும். உப்பில் போட்டால் செத்துப்போகும். தோலைக் கொஞ்சம் எடுத்து, அணுக்களை வளர்த்து, அப்படி உறங்கவைக்க வேண்டும். பிறகு வேறோர் எருமையின் கருமுட்டையிலிருந்து அதன் உட்கருவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இந்த அணுவைச் சேர்த்து, மின்சாரத்தால் ஒட்டவைக்க வேண்டும். கர்னாலில் இந்த முட்டை அறுக்கிற வேலையை விலையுயர்ந்த யந்திரம் இல்லாமல், பூதக்கண்ணாடியின் கீழே கையில் பிடித்த மெல்லிய கத்தியால் செய்யப் பழகினார்கள். ஒரு வாரம் போல வளர்ந்த கருவை மூன்றாவது எருமையின் வயிற்றில் வைக்கிறார்கள்.

"வெச்சா பொறந்துடுமா?"

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1996-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி என்ற ஆட்டை உலகம் முழுவதும் கொண்டாடிற்று. அந்த ஒரு குட்டிக்காக 277 முட்டைகளில் அணுவைச் சேர்த்தார்கள். அவற்றில் 29 தான் கருவாக வளர்ந்து தேறின. 13 ஆடுகளின் வயிற்றில் அவற்றை வைத்தார்கள். பிறந்தது ஒன்று. இன்றைக்கும் மாடு எருமைகளில் நூறு கருக்களை வைத்தால் கன்றாவது ஒற்றை எண்ணிக்கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

காரணம் என்னவென்றால், தோலின் அணு 'நான் தோல்' என்று தீர்மானமாக இருக்கிற அணு. அதை முட்டைக்குள் வைத்து, 'நீ தோல் இல்லை, முதலிலிருந்து தொடங்கு' என்றால் அது அவ்வளவு சுலபமாகக் கேட்பதில்லை. பழைய அடையாளங்கள் முழுக்க அழிவதில்லை. நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் கரு கலைகிறது. சில சமயம், முக்கியமாக மாடுகளில், கன்று அளவுக்கு மீறிப் பெருத்து, தாயால் ஈன முடியாமல் போகிறது. இதற்காகத்தான், அணுவைப் பட்டினி போட்டு அடக்கிப் பார்க்கிறார்கள். பழைய அடையாளங்களை நெகிழ்த்துகிற மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல முட்டையாகத் தேர்ந்து எடுக்கிறார்கள். முட்டைகளைக் கசாப்புக்கடைச் சூலகங்களிலிருந்து சேகரிப்பது வழக்கம். கங்காவுக்காக உயிருள்ள பசுவிடமிருந்தே ஊசியால் எடுத்தார்கள். நூற்றில் இரண்டாக இருப்பதை நாலாக்குவதற்கு ஒரு மனுஷன் தன் ஆயுளில் பாதியைக் கொடுக்கிறான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"பொறக்காத கன்னெல்லாம் யாரு வயித்துல இருந்துது?"

"வேற வேற எருமைங்க வயித்துல."

"கன்னு பெருத்துப் போவுதுன்னியே, அதுங்க எப்பிடி ஈனும்?"

"வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும் அத்தை."

அவள் தொழுவத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே முளைக்குச்சி மட்டும் இருந்தது.

நான் படித்த கட்டுரைகளில் தோல்வியைச் சதவிகிதமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பணச் செலவாகவும் காலச் செலவாகவும்தான் நானும் புரிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தோல்வியையும் ஒரு தாய் சுமந்திருக்கிறாள் என்பது அத்தை கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. வெற்றி விகிதத்தை உயர்த்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம். நல்ல இனங்கள் அழியாமல் காக்கலாம், பொலிகாளைகளைப் பெருக்கலாம் என்று சொல்லுகிற லாபங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"சரி, அப்பிடியே பொறந்தாலும் அதுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது அத்தை. உடம்பு ஒண்ணா இருக்கும். குரல் கேட்டுத் திரும்புறதும், உங்க கைக்கு மட்டும் பால் சுரக்கிறதும் பழக்கத்துல வந்தது. அது காதுல இல்ல."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஜாடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நானும் மண்வெட்டியோடு பின்னால் போனேன். கருப்பாயியைப் புதைத்த இடத்திலேயே ஒரு முழம் தோண்டினோம். உப்பைத் தனியாக உதறிவிட்டுக் காதை மட்டும் வைத்தாள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தாள். கடன் வாங்கியாவது மாசிக்குள் ஒரு கிடாரி பிடித்துவிட வேண்டும் என்றாள். என்னால் ஆனதைக் கொடுக்கிறேன் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.

"அந்தக் கர்னால்காரங்களுக்கு நீ ஏதாச்சும் எழுதினா ஒண்ணு எழுது. கன்னு உண்டாக்கட்டும், வேணாங்கல. ராத்திரியில கன்னு குறுக்க விழுந்தா ஓடியாற ஒரு ஆள மொதல்ல ஊருக்கு ஊரு உண்டாக்கச் சொல்லு."

அவள் சொன்னபடி எழுதிவிட்டேன்.